மகிழ மரத்தடியில் ஒரு சத்தியம்

ஸ்காட்லாந்து மலைநாட்டுக் காதல் நாவல்களை என் வயதுக்காரர்கள் நிறையப் பேர் ஃபோனில் படிக்கிறோம். வெளியே சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். படித்தவர்களுக்கு அதன் அச்சு தெரியும். இடைக்காலம், ஒரு கோட்டை. கல்யாணத்தில் விருப்பமில்லாத ஒரு பெண். பெரியவர்கள் கூடிப் பேசி அவளுக்கு ஒரு சம்பந்தத்தை முடிப்பார்கள். நடுவில் கொஞ்சம் மந்திரம், ஒரு சாபம், ஒரு வாக்கு. வாக்கு மீறப்படும். மீறியவன் அதற்குத் தன் உடம்பால் விலை கொடுப்பான். கடைசி அத்தியாயத்தில் இருவரும் கோட்டை மாடத்தில் ஒன்றாக நிற்பார்கள்.

இதே சரக்கெல்லாம் உள்ள ஒரு கதை நம்மிடம் 12ஆம் நூற்றாண்டிலிருந்தே எழுத்தில் இருக்கிறது. எழுதியவர் குன்றத்தூர்க்காரர், பூந்தமல்லிக்குத் தெற்கே இருக்கிற அதே குன்றத்தூர். நாயகி பிறந்தது செங்குன்றத்துக்கு அப்பால் உள்ள ஞாயிறு கிராமம். வாக்குக் கொடுக்கப்பட்ட இடம் திருவொற்றியூர். வாக்கை மீறிக் கண் பார்வை போன நாயகன் முதலில் வந்து நின்ற ஊர் திருமுல்லைவாயில், அதாவது அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே மின்சார ரயில் நிற்கிற ஊர்.

சுந்தரர், சங்கிலியார் கதையைத்தான் சொல்கிறேன். பெரியபுராணத்தைப் பக்தி இலக்கியம் என்ற அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டதால், இதை ஒரு கல்யாணப் பேச்சுவார்த்தையின் கதையாக நாம் வாசிப்பதில்லை. அப்படி வாசித்தால் சுந்தரரின் கண்ணைவிடச் சங்கிலியின் நிபந்தனை பெரிதாகத் தெரிகிறது. எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

*

முதலில் சங்கிலி யார் என்று பார்ப்போம். ஞாயிறு கிழவர் என்ற வேளாளரின் மகள். பெண் வளர்ந்ததும் தாயும் தந்தையும் கல்யாணப் பேச்சை எடுக்கிறார்கள். காதில் விழுந்ததும் அவள் மயங்கி விழுகிறாள். தெளிந்தபின், தான் சிவனருள் பெற்ற ஒருவருக்கு உரியவள், ஒற்றியூரில் இருந்து தொண்டு செய்யப் போகிறேன் என்கிறாள். வீட்டார் திகைத்துப்போய் விஷயத்தை வெளியே விடாமல் வைத்திருக்கிறார்கள். இது தெரியாமல் அவர்கள் குலத்திலேயே ஒருவன் பெண் கேட்டு ஆள் அனுப்புகிறான். தந்தை ஏதோ பக்குவமாகச் சொல்லி அனுப்பி வைக்கிறார். பெண் கேட்டவன் தன் சுற்றத்தாரோடு மாண்டு போகிறான்.

மந்திரக் கதை இங்கேயே தொடங்கிவிடுகிறது. இந்தப் பெண்ணைத் தொட்டால் ஆகாது என்று ஊர் பேசியிருக்கும். சேக்கிழார் ஊர்ப்பேச்சை விரித்து எழுதவில்லை. ஆனால் அடுத்து நடப்பதை எழுதுகிறார். பெற்றவர்களே அவளை ஒற்றியூருக்கு அழைத்து வருகிறார்கள். அவள் தங்கக் கன்னிமாடம் கட்டிக் கொடுத்து, வாழ்க்கைக்கு வேண்டிய பொருளும் ஏற்பாடு செய்துவிட்டுக் கலங்கிய மனத்தோடு ஊர் திரும்புகிறார்கள். அவள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கோயிலுக்கு மாலை தொடுக்கிறாள்.

இதை ஒரு தடவை நிதானமாக யோசித்துப் பாருங்கள். கல்யாணம் வேண்டாம் என்ற ஒரு பெண்ணுக்குத் தனி வீடு, தோழிகள், தனக்கென்று ஒரு வேலை. 12ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒரு காவியத்தில் இது தண்டனையாக வரவில்லை, அவள் கேட்டு வாங்கியதாக வருகிறது.

சுந்தரர் அங்கே வந்து சேரும்போது அவருக்கு ஏற்கெனவே இரண்டு கல்யாணக் கதைகள் உண்டு. முதலாவது புத்தூரில். பெரியவர்கள் பேசி முடித்த சம்பந்தம். மணப்பந்தலில் ஒரு கிழவர் வந்து நின்று, இந்தப் பையன் எனக்கு அடிமை, அவனுடைய பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார். கல்யாணம் நின்று வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து, ஓலை உண்மை என்று சபை தீர்ப்புச் சொல்கிறது. அந்தக் கிழவர்தான் சிவன். சடங்கவி சிவாச்சாரியாரின் மகள், அந்த மணப்பெண், அவரையே நினைத்திருந்து சிவலோகம் சேர்ந்தாள் என்று சேக்கிழார் சுருக்கமாக முடித்துவிடுகிறார்.

இரண்டாவது திருவாரூர்ப் பரவையார். அங்கே சுந்தரர் இசையும் நடனமும் தோழரான இறைவனுமாக நிறைவாக வாழ்கிறார். அங்கிருந்து ஊர் ஊராகப் பாடிக்கொண்டு வரும் வழியில்தான் ஒற்றியூர்.

*

திரை விலகி மாலையைக் கொடுக்க ஒரு பெண் வருகிறாள். பார்த்த கணத்திலேயே சுந்தரர் நிலை தடுமாறுகிறார். யார் என்று விசாரிக்கிறார். நேராகச் சன்னதிக்குப் போய்த் தோழரிடம் சொல்கிறார்: அந்தப் பெண்ணை எனக்குச் செய்து வையுங்கள்.

இனி சிவன்தான் கல்யாணத் தரகர். அன்றிரவு அவர் நடக்கிற நடை கொஞ்சநஞ்சமில்லை.

முதலில் சங்கிலியின் கனவுக்குப் போகிறார். எனக்கு மிகவும் வேண்டியவன் சுந்தரன், உன்னைக் கேட்கிறான், சம்மதி என்கிறார். இந்த இடத்தில் சங்கிலி சொல்வதைக் கவனிக்க வேண்டும். நீங்கள் சொன்னால் மறுப்பில்லை என்கிறாள். கூடவே இன்னொன்றும் சொல்கிறாள்: அவர் திருவாரூரில் மகிழ்ந்து வாழ்கிறவர் ஆயிற்றே, அதையும் நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதை இன்றைய பேச்சில் சொன்னால், "சரிங்க, ஆனா அவருக்கு அங்க ஒரு குடும்பம் இருக்கே, அதுக்கு என்ன பண்றது?" கனவில் கடவுளே வந்து நிற்கும்போது இதைக் கேட்க ஒரு தெளிவு வேண்டும். பக்தியில் அவளுக்குக் குறையே கிடையாது. அந்தப் பக்தியோடுதான் கேட்கிறாள்.

இறைவன் அவளுடைய கேள்வியைத் தள்ளவில்லை. உன்னைப் பிரியமாட்டேன் என்று அவன் சத்தியம் செய்து தருவான் என்கிறார். நிபந்தனை ஆகிவிட்டது.

அடுத்துச் சுந்தரரிடம் போகிறார். அவளைப் பிரியமாட்டேன் என்று நீ சத்தியம் செய்ய வேண்டும், அப்போதுதான் காரியம் நடக்கும். சுந்தரருக்குத் திக்கென்கிறது. ஊர் ஊராகப் போய்ப் பாடுகிறவருக்கு இது கால்விலங்கு. ஆனாலும் அவள் வேண்டும். அதனால் தோழரிடம் ஒரு சின்ன உதவி கேட்கிறார். நான் அவளோடு சன்னதிக்குச் சத்தியம் செய்ய வரும்போது, நீங்கள் கொஞ்சம் கருவறையை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடுங்கள்.

கருவறையில் கடவுள் இல்லாத நேரம் பார்த்து அங்கே சத்தியம் செய்துவிட்டால் அது சத்தியமே ஆகாது. வக்கீல் மூளை. ஓலையில் எழுதிய எழுத்துக்குக் கட்டுப்பட்டு ஒரு முறை கல்யாணமே நின்றுபோன மனிதர், இந்த முறை எழுத்து இல்லாத வாக்கில் ஓட்டை தேடுகிறார்.

அப்படியே ஆகட்டும் என்று இறைவன் ஒப்புக்கொள்கிறார். பிறகு அதே இரவு மறுபடியும் சங்கிலியின் கனவுக்குப் போகிறார். அவன் நாளை சன்னதியில் சத்தியம் செய்ய வருவான். அங்கே வேண்டாம் என்று சொல், மகிழ மரத்தடியில் செய்யச் சொல்.

விடிகிறது. சுந்தரர் வந்து, வா, சன்னதியில் சத்தியம் செய்து தருகிறேன் என்கிறார். சங்கிலி பதில் பேசவில்லை. விஷயம் தெரிந்த தோழிகள் பேசுகிறார்கள். இதற்குப் போய்ச் சன்னதிக்கு வர வேண்டுமா, அந்த மகிழடியில் செய்தால் போதும். இதை மறுத்தால் கல்யாணம் இல்லை, ஒப்புக்கொண்டால் தப்பிக்க வழியில்லை. சுந்தரர் மரத்தை மூன்று முறை வலம் வந்து, பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்கிறார். மறைந்து நின்று பார்த்த சங்கிலி மகிழவில்லை. இறைவன் சொன்னதற்காக இப்படி ஒரு அடியவரைச் சத்தியம் செய்ய வைத்ததைப் பார்க்கும்படி ஆயிற்றே என்று வருந்துகிறாள். எனக்குச் சேக்கிழார் மேல் தனி மரியாதை வந்தது இந்த இடத்தில்தான். வென்றவளின் முகத்தில் சிரிப்பை வரைவது எளிது. அவர் வரையவில்லை.

*

இப்படி ஓட்டை வைத்த சத்தியங்கள் இடைக்கால ஐரோப்பியக் காதல்கதைகளில் ஏராளம். மிகவும் பெயர்போனது ஈசோல்ட்டின் சத்தியம். திரிஸ்தான் கதை சேக்கிழாரின் நூற்றாண்டிலேயே பிரெஞ்சில் எழுத்து வடிவம் பெற்றுவிட்டது. திரிஸ்தான் என்ற பெயர் ஸ்காட்லாந்தின் பழங்குடிகளான பிக்டுகளின் அரசர் பெயர்களோடு உறவுடையது என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். கணவனான அரசனுக்கு உண்மையாக இருந்தேன் என்று ஈசோல்ட் ஆர்தர் மன்னர் முன்னால் சத்தியம் செய்ய வேண்டும். காதலன் தொழுநோயாளி வேடத்தில் வந்து ஆற்றுத்துறையில் அவளை முதுகில் சுமந்து கரை சேர்க்கிறான். பிறகு அவள், அரசனையும் இந்தத் தொழுநோயாளியையும் தவிர வேறு ஆண் எவனும் என் கால்களுக்கு நடுவே வந்ததில்லை என்று சத்தியம் செய்கிறாள். சொல் மெய், பொருள் பொய். வானம் இடியவில்லை. கதை அவள் பக்கம் நிற்கிறது.

ஈசோல்ட்டுக்கு அந்தச் சத்தியம் உயிர்ப் பிரச்சினை. சுந்தரருக்கு அது வசதி. ஒற்றியூரில் ஓட்டை தேடுகிறவர் ஆண், கடவுளுக்கே தோழர், செல்வாக்குள்ள ஆள். கடவுளோ அவருக்கும் தலையாட்டிவிட்டு, இரவோடு இரவாகப் பெண் வீட்டுக்கு வந்து ஓட்டையை அடைக்கிறார். இரண்டு பக்கமும் பேசுகிற தரகர் என்று கேலி செய்யலாம். ஆனால் முடிவில் அவர் யாருடைய நிபந்தனைக்குக் காவல் நின்றார் என்பது தெளிவு.

*

அன்றிரவு ஒற்றியூர் அடியார்களின் கனவில் தோன்றி, இந்தக் கல்யாணத்தை நடத்துங்கள் என்று இறைவன் ஆணையிடுகிறார். ஊர் கூடி நடத்துகிறது. பெரியவர்கள் பார்த்துச் செய்த கல்யாணம்தான், என்ன, பெரியவர் கொஞ்சம் அதிகமாகவே பெரியவர்.

பிறகு வசந்தம் வருகிறது. தென்றல் வீசுகிறது. திருவாரூரில் வசந்த விழா நடக்கும், பரவையின் ஆடலும் பாடலும் இருக்கும். சுந்தரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு நாள் கிளம்பிவிடுகிறார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விடுகின்றன. மயங்கி நிற்கிறார். பாடுகிறார். பார்வை திரும்பவில்லை. திரும்பி ஊருக்குள் போவதற்குப் பதிலாக, தடவித் தடவி மேற்கே நடக்கிறார்.

அந்த நடைதான் அவரை வடதிருமுல்லைவாயிலுக்குக் கொண்டுவருகிறது. இங்கே அவர் பாடிய பதிகம் தேவாரத்தின் ஏழாம் திருமுறையில் இருக்கிறது. சங்கிலியின் பொருட்டுத் தன் கண்ணை வாங்கிக்கொண்டவன் என்று இறைவனை அதில் அவரே குறிப்பிடுகிறார். 8ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியது என்று பலரும் கணிக்கிற பாடல் அது. சேக்கிழார் எழுதுவதற்குச் சில நூறு ஆண்டுகளுக்கு முன்பே, சம்பந்தப்பட்ட மனிதரின் சொந்த வாயிலேயே பெண்ணின் பெயரும் கண் போன செய்தியும் ஒன்றாக வந்துவிட்டன. கனவுகளும் மகிழ மரமும் எப்படி வளர்ந்திருந்தாலும், கதையின் விதை வாக்குமூலமாக இருக்கிறது.

அதே பதிகம் திருமுல்லைவாயிலின் இன்னொரு கதையையும் தொடுகிறது. தொண்டைமான் ஒருவன் யானை மேல் வரும்போது யானையின் கால் முல்லைக்கொடியில் சிக்கிக்கொண்ட கதை. கொடியை வாளால் வெட்டப்போய் உள்ளே இருந்த லிங்கத்தில் பட்டு ரத்தம் வந்தது என்பது தலபுராணம். அந்தக் காயத்துக்காக இன்றும் மூலவருக்குச் சந்தனக்காப்பு உண்டு, வருஷத்துக்கு ஒரு முறை சித்திரைச் சதயத்தில்தான் அது களையப்படுகிறது. கருவறைக்கு முன்னால் இரண்டு எருக்கந்தூண்கள் நிற்கின்றன. போரில் தோற்ற குறும்பர்களின் கோட்டையிலிருந்து வந்தவை என்கிறார்கள். பார்வையில்லாமல் இங்கே வந்து நின்ற சுந்தரருக்கு, யானையில் போன அரசனையே ஒரு பூங்கொடி கட்டிப்போட்ட கதை ஏன் அத்தனை நெருக்கமாகப் பட்டிருக்கும் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

அடுத்தது திருவெண்பாக்கம். கோயிலில் இருக்கிறீரா என்று கேட்கிறார். இருக்கிறோம், நீர் போம் என்பதுபோல அயலார் குரலில் பதில் வருகிறது. கூடவே ஊன்றிக்கொள்ள ஒரு கோல் கிடைக்கிறது, கண் கிடைக்கவில்லை. அந்தக் கோபத்தில் அவர் எறிந்த கோல் பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்தது என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அம்மனுக்கு மின்னொளி அம்மை என்று பெயர். இருட்டில் நடந்தவருக்கு மின்னலாக வழி காட்டினாளாம். அந்தப் பழைய ஊர் இன்று பூண்டி நீர்த்தேக்கப் பரப்புக்குள் இருக்கிறது. 1944இல் நீர்த்தேக்கம் வந்தபின் கோயிலை வேறிடத்தில் எடுத்துக் கட்டினார்கள். பூண்டித் தண்ணீர் கால்வாய் வழியே புழலுக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் வருகிறது. அதாவது சுந்தரருக்குக் கோல் கிடைத்த ஊரின் மேல் நிற்கிற தண்ணீரைத்தான் நாம் குழாயில் பிடிக்கிறோம்.

பழையனூர் ஆலங்காட்டை வணங்கிக் காஞ்சிபுரம் வருகிறார், இடக்கண் திரும்புகிறது. சோழநாட்டில் திருத்துருத்திக் குளத்தில் உடம்பு நோய் தீர்கிறது. திருவாரூர் போய்ச் சேர்ந்தபின்தான் வலக்கண். அங்கே பாடும்போது பக்தர் குரல் மாறி, கோபித்துக்கொண்ட நண்பர் குரல் வருகிறது. உங்கள் அடியார்கள் கண் தெரியாமல் அலைந்தால் உங்களுக்கென்ன, நீங்களாவது நல்லா இருங்க சாமி என்கிற தொனி. இப்படி ஒரு வசையைப் பக்திப் பாடலாக வைத்துக்கொண்டு பாடுகிற மரபு நமக்கு வாய்த்திருக்கிறது.

*

இந்தக் கதையைச் சேக்கிழார் எங்கே வைத்தார் என்பதில் ஒரு செய்தி இருக்கிறது.

தொண்டை மண்டலத்துப் புலியூர்க் கோட்டத்துக் குன்றத்தூரில் பிறந்தவர் அவர். இரண்டாம் குலோத்துங்கனிடம் அமைச்சராக இருந்தார் என்பது மரபு. அந்த அரசனின் ஆட்சி 1133 முதல் 1150 வரை. நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் உள்ள பெரியபுராணத்தில் சுந்தரரின் வாழ்க்கை ஒரே இடத்தில் இல்லை, பல துண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஓலையும் பரவையும் தொடக்கத்தில் தடுத்தாட்கொண்ட புராணத்தில். சங்கிலி கதையோ ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்தில்.

கலிக்காமர் யார்? சுந்தரரை வெறுத்தவர். சங்கிலியைக் கட்டிக்கொண்ட செய்தி கேட்டுப் பரவை கதவடைக்கிறாள். சுந்தரர் சிவனையே தூது அனுப்புகிறார். திருவாரூர் வீதியில் நள்ளிரவில் இரண்டு முறை நடந்து போய்ச் சிவன் பரவையைச் சமாதானம் செய்கிறார். ஒரு பெண்ணிடம் கெஞ்சக் கடவுளைத் தூது அனுப்புவதா என்று கலிக்காமர் கொதிக்கிறார். அவருக்குச் சூலைநோய் வருகிறது, சுந்தரர் வந்தால் தீரும் என்று இறைவன் சொல்கிறார். அந்த ஆள் வந்து தீர்ப்பதற்கு முன்னால் சாவதே மேல் என்று கலிக்காமர் தன் வயிற்றைக் கிழித்துக்கொள்கிறார். பின்னால் இருவரும் நண்பர்களாவது வேறு கதை.

சுந்தரரைக் கண்ணெடுத்துப் பார்க்க விரும்பாத ஒருவரின் புராணத்துக்குள்தான், நானூறுக்கும் மேற்பட்ட பாடல்களின் நடுவே, சங்கிலியின் நிபந்தனை இருக்கிறது. கலிக்காமரின் கோபம் இறைவனுக்காக. சங்கிலிக்காகக் கோபப்பட அந்தப் புராணத்தில் ஆள் இல்லை. ஆனால் கேள்விகள் கேட்கப்படுகிற ஓர் அறையில் சேக்கிழார் அவளை உட்கார வைத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

பரவைக்குக் கோபம் கிடைத்தது, அதைத் தணிக்கக் கடவுளே இரண்டு தடவை வாசலுக்கு வந்தார். சங்கிலிக்கு? சுந்தரர் எல்லை தாண்டியபின் கதை அவரோடு போய்விடுகிறது. அவள் என்ன நினைத்தாள், மறுநாள் மாலை தொடுத்தாளா, தோழிகள் என்ன சொன்னார்கள், எதுவும் இல்லை. அவர் ஒற்றியூருக்குத் திரும்பி வந்த காட்சியும் இல்லை. கடைசியில் வெள்ளானைச் சருக்கத்தில், கயிலையில், பரவையும் சங்கிலியும் முன்பு இருந்தபடி உமையின் தோழியராகிவிடுகிறார்கள். மண்ணில் செய்த சத்தியத்துக்கு விண்ணில் கணக்கு முடிகிறது.

இந்த இடத்தில்தான் ஸ்காட்லாந்துக் கதை வேறு வழியில் போகிறது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கியோம் என்பவர் பழைய பிரெஞ்சில் எழுதிய ஃபெர்கஸ் என்ற காவியம் பெரும்பாலும் தென் ஸ்காட்லாந்தின் ஊர்களில் நடக்கிறது. ஃபெர்கஸ் ஒரு கோட்டையில் தங்கும் இரவில், காலியென் என்ற பெண் தானே வந்து காதலைச் சொல்கிறாள். எனக்கு ஒரு வேலை இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்று அவன் தள்ளிப்போடுகிறான். திரும்பி வந்தால் அவள் இல்லை. அவனும் ஏறக்குறையப் பித்துப் பிடித்தவனாக அலைகிறான். கையில் அரிவாளோடு காவல் நிற்கும் அரக்கியை வென்று ஒளிவீசும் கேடயத்தைக் கொண்டுவருகிறான். முற்றுகையில் இருக்கும் அவளைக் காப்பாற்றுகிறான். முடிவில் காலியென் தானே ஆர்தரின் சபைக்கு வந்து, இந்த வீரனை எனக்குக் கணவனாகக் கொடுங்கள் என்று கேட்கிறாள். அரசர் முடித்து வைக்கிறார்.

இரண்டிலும் பெண்ணைக் காக்க வைத்த ஆண் அலைந்து திரிகிறான், உடம்பாலும் மனத்தாலும் விலை கொடுக்கிறான். இரண்டிலும் பெரிய இடத்து மனிதர் ஒருவர் கல்யாணத்தை முடித்து வைக்கிறார். காலியென் கேட்டது அவளுக்குக் கிடைக்கிறது. சங்கிலி கேட்டது சட்டப்படி கிடைக்கிறது, கையில் கிடைக்கவில்லை. ஓட்டையை அடைத்த கடவுளால் போகிறவரின் பார்வையைப் பறிக்க முடிந்தது. போகிறவரை நிறுத்த முடியவில்லை, அல்லது நிறுத்தவில்லை. மகிழ்ச்சியான முடிவு வேண்டும் என்றால் ஃபெர்கஸ் கதை நல்ல கதை. கல்யாணத்தில் கொடுக்கப்படும் வாக்கு என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ள ஒற்றியூர்க் கதைதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

*

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கும் பேச்சில் நிபந்தனைகள் சாதாரணம். என் சித்தி வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: பார்க்கிற வேலையை விட மாட்டேன். மாப்பிள்ளை வீட்டில் பெரியவர்கள், "தாராளமா போகட்டும், நாங்க என்ன அந்தக் காலமா" என்று கூடத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார்கள். கல்யாணம் ஆகி மூன்றாவது மாதம் வேலை நின்றது. அதைப் பற்றிக் கேட்டபோது வந்த பதில், "அது சபைக்குச் சொன்னது". சபைக்குச் சொன்னது! கருவறையில் கடவுள் இல்லாத நேரம் பார்த்துச் செய்கிற சத்தியத்துக்கு நம் குடும்பங்கள் வைத்திருக்கும் பெயர் இது. கேட்டதற்காகச் சொல்லிவைப்பது, சொன்ன இடத்தோடு விட்டுவிடுவது.

சங்கிலியின் கதையை நான் மறுபடி எடுத்துப் படித்தது அந்தச் சொல்லுக்குப் பிறகுதான். சங்கிலி ஒன்றும் புரட்சிப் பெண் இல்லை. கடவுள் சொன்னவரைக் கட்டிக்கொண்டாள். ஆனால் சம்மதத்துக்கும் நிபந்தனைக்கும் நடுவில் இருக்கிற சின்ன இடத்தில் உறுதியாக நின்றாள். அவளுக்குத் தகவல் வந்தது, தோழிகள் கூட நின்றார்கள், எந்த இடத்தில் வாக்கு வாங்கினால் அது வாக்காகும் என்று தெரிந்து வாங்கினாள். சத்தியம் மீறப்பட்டது என்பதால் அவள் ஏமாந்தவள் ஆகவில்லை. மீறியவர் ஊர் ஊராகப் போய், சங்கிலிக்காகக் கண் போனது என்று தன் வாயாலேயே பாட வேண்டி வந்தது. வாக்கு சபையோடு போயிருந்தால் அவள் பெயர் இந்தப் பாட்டில் இருந்திருக்காது.

இந்தக் கதையை ஒற்றியூர் மறக்கவே இல்லை. 12ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆண்ட இரண்டாம் இராசாதிராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று அந்தக் கோயிலில் இருக்கிறது. பங்குனி விழாவில் அரசன் மகிழின் கீழ் அமர்ந்து ஆளுடைய நம்பியின் ஸ்ரீபுராணத்தைக் கேட்டதை அது சொல்கிறது. ஆளுடைய நம்பி என்றால் சுந்தரர். கதையைக் கேட்க ஓர் அரசன் உட்கார்ந்த இடம், கதையில் சத்தியம் நடந்த அதே மரம். இன்றும் மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை என்ற பெயரில் அந்தச் சத்தியமும் கல்யாணமும் நடத்தப்படுகின்றன.

இன்னொரு வழக்கமும் உண்டு. வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் சேர்ந்து வரும் நாளில் மேலூர் திருவுடையம்மன், ஒற்றியூர் வடிவுடையம்மன், திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் மூவரையும் ஒரே நாளில் தரிசிப்பது. நிறையப் பெண்கள் வருவார்கள். காலையில் மேலூர், உச்சியில் ஒற்றியூர், சாயங்காலம் எங்கள் ஊர்ப் பக்கம். நடுப்பகலிலிருந்து சாயங்காலம் வரை அவர்கள் பேருந்திலும் ஆட்டோவிலும் கடக்கிற தூரம், பார்வை போன சுந்தரர் தடவித் தடவி நடந்த தூரம்தான். பலர் வேண்டிக்கொள்வது நல்ல இடத்தில் கல்யாணம் அமைய வேண்டும் என்று. ஒற்றியூரில் இறங்குகிறவர்கள் வடிவுடையம்மனைப் பார்த்த கையோடு அந்த மகிழ மரத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வாருங்கள். ஓர் இரவு முழுக்கக் கடவுள் அலைந்து திரிந்து ஒரு பெண்ணின் நிபந்தனையைச் சத்தியமாக்கியது அங்கேதான்.